இரத்தத்துக்குள்ள போன ஹெவி மெட்டல் யாரைப் பிடிச்சுக்குது? என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள்

நான் ஒரு லேப்ல பயோகெமிஸ்ட்ரி பக்கம் வேலை பாக்குறேன். சாம்பிள் கொடுக்க வர்றவங்க, இன்டர்ன்ஷிப் வர்ற பசங்க, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இருக்கற பெரியம்மா வரைக்கும் எல்லாரும் சுத்திச் சுத்தி இதே சந்தேகத்தைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை காஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேல இருந்து படிச்சுட்டு வாங்க, கீழ வர்ற பதிலுக்கு மேல சொன்னது தேவைப்படும்.

ஹெவி மெட்டல்னாலே விஷம் தானே மேடம்?

இல்ல. இரும்பு, ஜிங்க், காப்பர் எல்லாம் கூட கனமான உலோகம்தான், அது இல்லாம நாம உயிரோட இருக்க முடியாது. நாம பயப்பட வேண்டியது லெட் (காரீயம்), மெர்குரி (பாதரசம்), காட்மியம், ஆர்செனிக் இந்த நாலுக்கும்தான். ஆர்செனிக் கெமிஸ்ட்ரி கணக்குப்படி முழு உலோகம் இல்ல, ஆனா பண்ற வேலை அதே வேலைங்கறதால இந்தக் கும்பல்லயே சேத்துடுவாங்க. உடம்புக்கு இந்த நாலாலயும் எந்தப் பிரயோஜனமும் கிடையாது, பிரச்சனை என்னன்னா பாக்கறதுக்கு நல்ல உலோகங்க மாதிரியே இருந்துட்டு அதுங்க உக்கார்ற சீட்ல போய் உக்காந்துடும்.

இரத்தத்துக்குள்ள போச்சுன்னா உப்பு மாதிரி கரைஞ்சு சும்மா மிதந்துட்டு இருக்கும், அப்பறம் யூரின்ல போயிடும், அப்படித்தானே?

அப்படி இருந்திருந்தா இந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது. சோடியம், பொட்டாசியம் எல்லாம் அப்படி மிதக்கும். லெட்டும் மெர்குரியும் உள்ள வந்த உடனே ஏதாவது ஒரு புரோட்டீனைப் பிடிச்சுக்கும், தனியா திரியறது ரொம்ப ரொம்ப கம்மி. யாரைப் பிடிச்சுக்குதுங்கறதை வெச்சுத்தான் எந்த உறுப்புக்குப் போகும், எத்தனை நாள் தங்கும், எந்த டெஸ்ட்ல மாட்டும், எந்த மருந்துக்கு வெளிய வரும்னு எல்லாமே முடிவாகுது.

இதைக் கண்ணால பாக்கணும்னா பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முதல் வருஷ பிராக்டிக்கல் போதும். முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணில கலக்கி வடிகட்டி டெஸ்ட் டியூப்ல கொஞ்சம் எடுத்துக்குவோம், நல்லா தெளிவா இருக்கும், அதுல மெர்க்குரிக் குளோரைடோ லெட் அசிட்டேட்டோ ரெண்டு சொட்டு விட்டா போதும், பால் திரிஞ்ச மாதிரி வெள்ளை வெள்ளையா இறங்கும். புரோட்டீனை உலோகம் பிடிச்சு இழுத்து கீழ தள்ளுது. நம்ம இரத்தத்துல அந்த அளவுக்கு உலோகம் போறதில்ல, அதனால திரியாது, ஆனா பிடிக்கற புத்தி அதேதான்.

புரோட்டீன்ல எதைப் பிடிக்குது? புரோட்டீன்ல என்ன கொக்கியா இருக்கு?

கொக்கிதான். சிஸ்டீன்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, அதோட நுனில ஒரு சல்ஃபர். தலைமுடி கருகுனா ஒரு நாத்தம் வரும் பாருங்க, அந்த நாத்தத்துக்குக் காரணம் முடியில இருக்கற இந்த சிஸ்டீனோட சல்ஃபர்தான். மெர்குரி, லெட், காட்மியம், ஆர்செனிக் நாலுக்குமே சல்ஃபர்னா உயிரு. பழைய கெமிஸ்ட்ரில சல்ஃபரும் ஹைட்ரஜனும் சேந்த இந்த நுனிக்கு மெர்காப்டன்னு பேர் வெச்சதே அதனாலதான், லத்தீன்ல மெர்குரியைப் பிடிக்கிறதுன்னு அர்த்தம். 1830கள்லயே ஒரு டென்மார்க்காரர், சைஸ்னு பேரு, கவனிச்சு வெச்ச பேரு அது.

இரத்தத்துல அதிகமா இருக்கற புரோட்டீன்கள்ல ஒண்ணு ஆல்புமின். அதுல மொத்தம் 35 சிஸ்டீன் இருக்கு, 34 பேரு ஜோடி ஜோடியா கை கோத்துட்டு பிஸியா இருப்பாங்க, ஒரே ஒருத்தர் மட்டும் சும்மா நிப்பாரு. புரோட்டீன் வரிசைல 34வது இடத்துல நிக்கற அந்த சிஸ்டீன்தான் பிளாஸ்மால, அதாவது செல்லு போக மிச்சம் இருக்கற இரத்தத்தோட தண்ணிப் பகுதில, மெர்குரிக்கு முதல் கொக்கி. இதுபோக ஜிங்க் உக்கார்ற ஒரு இடமும் ஆல்புமின்ல இருக்கு, காட்மியம் அங்க போய் உக்காந்துக்கும்.

லெட் உள்ள போனா ஏன் இரத்தசோகை வருது? இரும்பு மாத்திரை போட்டும் ஏறலன்னு சொல்றாங்களே?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, கொஞ்சம் நீளமா சொல்றேன். இரத்தத்துல போற லெட்ல கிட்டத்தட்ட 99 சதவீதம் பிளாஸ்மால இருக்காது, சிவப்பணுக்குள்ள இருக்கும். அங்கயும் ஹீமோகுளோபினை விட அது முக்கியமா போய் ஒட்டிக்கறது ஏ.எல்.ஏ.டி.ன்னு ஒரு என்சைம்ல. ஹீமோகுளோபினுக்கு நடுவுல ஹீம்னு ஒரு வளையம் இருக்குல்ல, அதைக் கட்டறதுக்கு ஏ.எல்.ஏ.ன்னு சின்னச் சின்ன செங்கல் 8 வேணும். அந்த செங்கல்ல ரெண்டு ரெண்டா ஒட்டிக் கொடுக்கற கொத்தனார்தான் இந்த என்சைம். அதோட நடுவுல ஒரு ஜிங்க், மூணு சிஸ்டீன் பிடிச்சுட்டு இருக்கும். லெட் வந்து ஜிங்கைத் தள்ளி விட்டுட்டு அந்த மூணு சல்ஃபருக்கு நடுவுல உக்காந்துடும், ஜிங்கை விட பல மடங்கு இறுக்கமா. சீட்டு ஃபுல் ஆனா வேலை நடக்கல, அவ்ளோதான். இரத்தத்துல லெட் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழ இருக்கும்போதே இந்த என்சைம் மந்தமாக ஆரம்பிச்சுடும்.

அப்பறம் கடைசி ஸ்டெப்புல வளையத்துக்குள்ள இரும்பைப் பொருத்தற இன்னொரு என்சைம், ஃபெரோகெலட்டேஸ், அதையும் லெட் கெடுக்கும். இரும்பு போக வேண்டிய இடத்துல ஜிங்க் போய் உக்காந்துடும், அதைத்தான் ஜிங்க் புரோட்டோபார்ஃபிரின்னு டெஸ்ட்ல பாக்கறோம். சிவப்பணு 120 நாள் வாழறதால அந்த டெஸ்ட் கடந்த மூணு நாலு மாசத்துக் கதையைச் சொல்லும். ஆனா வெறும் இரும்புச்சத்து குறைவுலயும் அது ஏறும், அதை மட்டும் வெச்சு லெட்டுன்னு முடிவு பண்ணக்கூடாது.

இரும்பு மாத்திரை போட்டும் ஏறாதது ஏன்னு இப்ப புரியும். கல்லு மண்ணு எல்லாம் வந்து இறங்கியாச்சு, கொத்தனார் கை கட்டி இருக்கு.

லெட் பாய்சன்ல வயிறு முறுக்கிட்டு வலிக்கும்னு சொல்றாங்க, இரத்தத்துக்கும் வயித்துக்கும் என்ன சம்மந்தம்?

மேல சொன்ன ஏ.எல்.ஏ. செங்கல் யூஸ் ஆகாம குவிஞ்சு போகும்ல, அது நரம்புகளோட விளையாடும். நரம்பு மண்டலத்துல பிரேக் மாதிரி வேலை பாக்கற காபான்னு ஒரு பொருள் இருக்கு, ஏ.எல்.ஏ. பாக்க அது மாதிரியே இருக்கும். அக்யூட் பார்ஃபிரியான்னு ஒரு பரம்பரை நோய்லயும் இதே ஏ.எல்.ஏ.தான் குவியும், அங்கயும் இதே வயித்து வலி, மலச்சிக்கல், கை கால் பலவீனம். வலி முழுக்க ஏ.எல்.ஏ.வால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன், லெட் நேராவும் நரம்பைத் தாக்கும். ஆனா அப்பெண்டிக்ஸ்னு நினைச்சு ஆபரேஷன் வரைக்கும் போனவங்க ரெண்டு நோய்லயும் உண்டு.

லெட் டெஸ்டுக்குக் கையில ஊசி போட்டு எடுக்கற இரத்தத்தை அப்படியே ஊதா மூடி டியூப்ல அனுப்பறீங்க, மத்த டெஸ்டுக்கெல்லாம் சீரம் பிரிக்கறீங்களே, இதுக்கு ஏன் பிரிக்கல?

99 சதவீதம் செல்லுக்குள்ள இருக்குன்னு சொன்னேன்ல. செல்லைக் கீழ தள்ளிட்டு மேல இருக்கற சீரத்தை மட்டும் எடுத்தா திருடனை விட்டுட்டு வீட்டு வாசலை சோதனை போட்ட கதைதான். அதனால முழு இரத்தம். மெஷின்ல போடறதுக்கு முன்னாடி செல்லு, புரோட்டீன் எல்லாத்தையும் உடைச்சுடுவோம், லெட் எதைப் பிடிச்சுட்டு இருந்தாலும் மொத்தக் கணக்கு வந்துடும். உலோக டெஸ்டுக்குன்னே ராயல் ப்ளூ மூடி டியூப் இருக்கு, டியூப்ல இருந்தே உலோகம் கசிஞ்சு ரிசல்ட்டைக் கெடுக்கக் கூடாதுன்னு சுத்தம் பாத்து செஞ்சது. லெட்டுக்கு, டெஸ்ட் பண்ற லேப் ஓகே சொன்னா, ஊதாவும் போதும்.

இரத்தம் கட்டியாயிடுச்சுன்னா சாம்பிள் வேஸ்ட், திரும்ப வரச் சொல்லுவோம், திட்டாதீங்க. குழந்தைக்கு விரல் நுனில குத்தி எடுத்து லெட் அதிகமா வந்தா கைல இரத்தக் குழாய்ல ஊசி போட்டு எடுத்து ஒருதரம் கன்ஃபார்ம் பண்ணிக்கணும், விரல்ல ஒட்டியிருந்த தூசியே ரிசல்ட்டை ஏத்திடும். குத்தறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவ வைங்க.

எனக்கு ஏற்கனவே ஹீமோகுளோபின் 7 தான், அப்ப லெட் ரிசல்ட் நிஜத்தை விட கம்மியா காட்டுமா?

இந்தக் கேள்வியக் கேட்டது ஒரு இன்டர்ன் பொண்ணு, நான் கேள்விய ரசிச்சேன். ஆமா, காட்ட வாய்ப்பு இருக்கு. லெட்டைச் சுமக்கற வண்டியே சிவப்பணுதான், வண்டி கம்மியானா ஒரு டெசிலிட்டர்ல எண்ணும்போது லெட்டும் கம்மியா தெரியும். அதனாலதான் சில ஆராய்ச்சிகள்ல ஹிமட்டோகிரிட், அதாவது இரத்தத்துல சிவப்பணு எத்தனை பங்குங்கற கணக்கு, வெச்சு சரி பண்ணிக்குவாங்க. சாதாரண ரிப்போர்ட்ல அந்த சரி பண்றது இருக்காது, டாக்டர்தான் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்.

இன்னொண்ணும் உண்டு. சிவப்பணுக்குள்ள இருக்கற சீட்டுக்கு ஒரு அளவு இருக்கு. லெட் ஏற ஏற சீட்டு நிரம்பி, பிளாஸ்மால திரியற பங்கு நேர்கோட்டுல ஏறாம வேகமா ஏறும். மூளைக்கும் எலும்புக்கும் போறது அந்தத் திரியற பங்குதான். 20க்கும் 60க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மூணு மடங்குன்னு கணக்குப் போட்டு ஏமாறாதீங்க.

பையனுக்கு லெட் 4னு வந்திருக்கு, ரிப்போர்ட்ல பெருசா எதுவும் மார்க் பண்ணல, நார்மல் தானே?

லெட்டுக்கு நார்மல்னு ஒண்ணு கிடையாது, உடம்புக்கு அது ஒரு பொட்டுகூட வேணாம். அமெரிக்கால சி.டி.சி.ங்கற நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல இருந்து குழந்தைங்களுக்கு 3.5 மைக்ரோகிராம்னு ஒரு கோடு போட்டிருக்காங்க, அதுக்கு முன்னாடி 5. உலக சுகாதார நிறுவனம் 5க்கு மேல போனா எங்கிருந்து வருதுன்னு தேடி நிறுத்துங்கன்னு சொல்லுது. இது பாதுகாப்பான அளவோட எல்லை இல்ல, தேட ஆரம்பிக்க வேண்டிய இடம். உடம்புல இருந்து லெட்டைப் பிடுங்கற மருந்து, கீலேஷன்னு சொல்லுவாங்க, பொதுவா குழந்தைங்களுக்கு 45ஐத் தொட்டாத்தான். 4க்கு மருந்து கிடையாது, வீட்டைச் சுத்திப் பாருங்க, பழைய பெயிண்ட் உரியுதா, யாராவது பேட்டரி வேலைக்குப் போயிட்டு அதே சட்டையோட குழந்தையத் தூக்கறாங்களா, கண்ணுக்கு வெக்கிற மை எங்க வாங்கினது, மஞ்சள்தூள் கண்ணைப் பறிக்கற மஞ்சளா இருக்கா. பங்களாதேஷ்ல மஞ்சள்ல கலருக்காக லெட் குரோமேட் கலந்தது நிரூபணமான விஷயம்.

எங்க வீட்டுக்காரர் பேட்டரி உருக்கற வேலைய விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்ப 52 இருந்தது இப்ப 14. இன்னும் ஏன் ஜீரோ ஆகல?

சிவப்பணுல இருக்கற லெட் ஒரு மாசத்துக்குச் சுமார் பாதியா குறையும். அந்தக் கணக்குப்படி இந்நேரம் சுத்தமா போயிருக்கணும். ஆனா இத்தனை வருஷம் அவர் உடம்புல சேந்ததுல 90 சதவீதத்துக்கு மேல எலும்புல போய் உக்காந்திருக்கும், கால்சியம் இருக்கற இடத்துல. எலும்புல இருந்து அது பாதியாகவே பத்து இருபது வருஷம் ஆகும். எலும்பு தினமும் கொஞ்சம் கரைஞ்சு கொஞ்சம் கட்டும், கரையறப்ப பழைய லெட் சொட்டுச் சொட்டா இரத்தத்துக்கு வரும், வந்ததை சிவப்பணு திரும்பப் பிடிச்சுக்கும். உங்க 14 அநேகமா பழைய பாக்கி. ஆனா மறுபடி ஏறுச்சுன்னா புதுசா எங்கயோ படுதுன்னு அர்த்தம்.

இது பொம்பளைங்களுக்கு இன்னும் முக்கியம். கர்ப்பத்துலயும் பால் கொடுக்கறப்பவும் எலும்பு நிறைய கரையும், சின்ன வயசுல சேத்த லெட் அப்ப வெளிய வந்து நஞ்சுக்கொடி தாண்டி பிள்ளைக்குப் போகும்.

ஏம்மா, ஈயச்சொம்புல ரசம் வெக்கிறோமே, அப்ப நாங்க இத்தனை வருஷமா விஷத்தையா குடிச்சோம்?

பெரியம்மா கேள்வி. பதட்டப்படாதீங்க. தமிழ்ல ஈயம்னா ரெண்டு உலோகம், காரீயம், வெள்ளீயம். காரீயம்தான் லெட். ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறதும் முறைப்படி வெள்ளீயம், அதாவது டின். அது வேற ஆள், இந்தக் கூட்டத்துல இல்ல.

பயம் எங்கன்னா, டின் விலை அதிகம், லெட் விலை கம்மி, அதனால கலப்படம் பண்ண ஆசை வரும். கலந்திருந்தா புளித்தண்ணில கொதிக்க வெக்கறது லெட்டைக் கரைக்க ரொம்ப வசதியான முறை. கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. நகைக்கடைல தங்கம் சோதிக்கற எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின்ல காட்டினா என்ன உலோகம் எவ்ளோன்னு தெரிஞ்சுடும். எங்கம்மா சொம்பை நான் அப்படித்தான் காட்டினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு, பரவால்ல.

குழந்தை தெர்மாமீட்டரைக் கடிச்சு பாதரசத்தை முழுங்கிட்டான், செத்துடுவானா?

முதல்ல கண்ணாடித்துண்டு வாய்ல தொண்டைல குத்தியிருக்கான்னு பாருங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அந்த வெள்ளி உருண்டை வயித்துல அநேகமா ஒட்டவே ஒட்டாது, வந்த வழியே போயிடும். உலோகமா இருக்கற பாதரசத்துக்கு சல்ஃபர் கொக்கியப் பிடிக்கத் தெரியாது, அது முதல்ல எலெக்ட்ரானை இழந்து அயனி ஆகணும்.

ஆபத்து தரைல சிதறினதுதான். ஆவியாகி மூச்சுல போனா நுரையீரல் சுமார் 80 சதவீதத்தை உறிஞ்சிடும். சிவப்பணுக்குள்ள கேட்டலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, நல்லது பண்றேன்னு அது பாதரசத்தை ஆக்சிடைஸ் பண்ணி அயனி ஆக்கிடும், அதுக்கப்பறம்தான் புரோட்டீனைப் பிடிக்க ஆரம்பிக்கும். மாறறதுக்குள்ள மூளைக்குப் போயிட்ட பங்கு அங்க போய் அயனியாகி அங்கயே மாட்டிக்கும். அதனால துடைப்பத்தால பெருக்காதீங்க, வேக்குவம் போடாதீங்க, ஜன்னலைத் திறந்து விட்டு கெட்டி அட்டையால ஒண்ணாச் சேத்து மூடி போட்ட டப்பாவுக்குள்ள எடுங்க. கொடைக்கானல்ல 2001ல மூடின தெர்மாமீட்டர் ஃபேக்டரி விவகாரம் வருஷக்கணக்கா ஓய்ஞ்சபாடு இல்லாம போனது இந்த ஆவியாலயும் மண்ணுல போனதாலயும்தான்.

அப்ப மீன்ல இருக்கற மெர்குரியும் இதேதானா?

இல்ல, அது மெத்தில்மெர்குரி, மெர்குரியோட கார்பன் சேந்தது, வேற குணம். வயித்துல 95 சதவீதம் உறிஞ்சப்படும், இரத்தத்துல 90 சதவீதத்துக்கு மேல சிவப்பணுக்குள்ள போய் ஹீமோகுளோபினோட சிஸ்டீனைப் பிடிச்சுக்கும். ஆனா பிடி நிரந்தரம் இல்ல, ஒரு சல்ஃபர்ல இருந்து இன்னொரு சல்ஃபருக்கு கைமாறிட்டே இருக்கும். அப்படி மாறும்போது தனியா திரியற ஒரு சிஸ்டீனோட சேந்துடுச்சுன்னா, பாக்க மெத்தியோனின்னு ஒரு நல்ல அமினோ அமிலம் மாதிரியே ஆயிடும். மூளை வாசல்ல நிக்கற டிரான்ஸ்போர்ட்டர் வித்தியாசம் தெரியாம உள்ள விட்டுடும். மினமாட்டால நடந்தது இதுதான், ஜப்பான்ல ஃபேக்டரி கழிவு கடல்ல, கடல்ல இருந்து மீன்ல, மீன்ல இருந்து ஜனங்க மூளைல. 1956ல நோய் அதிகாரபூர்வமா பதிவாச்சு.

இதுக்கு அண்ணன் டைமெத்தில்மெர்குரி. கேரன் வெட்டர்ஹான்னு அமெரிக்க வேதியியல் பேராசிரியர், விஷ உலோகங்களையே ஆராய்ச்சி பண்ணவங்க, 1996 ஆகஸ்ட்ல சில சொட்டு கையுறை மேல விழுந்துச்சு. லேட்டக்ஸ் கையுறையத் தாண்டிடுச்சு. மாசக்கணக்குல ஒண்ணும் தெரியல, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க. உலோகம் புரோட்டீனைப் பிடிச்ச அப்பறம் மருந்து கொடுத்தாலும் மூளைல இருக்கறதை இழுக்க முடியலங்கறதுக்கு இதை விட கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

நீங்க மீனை விட்டுடாதீங்க. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மாதிரி சின்ன மீன்ல கம்மி, சுறா, கொப்பரக்குல்லா மாதிரி பெரிய வேட்டை மீன்லதான் அதிகம். கர்ப்பமா இருக்கறவங்களும் சின்னக் குழந்தைங்களும் பெரிய மீனைத் தவிர்த்தா போதும்.

சிகரெட்ல காட்மியம் இருக்குன்னு சொல்றாங்க, அது எந்தப் புரோட்டீன்?

புகையிலைச் செடி மண்ணுல இருந்து காட்மியத்தை நல்லா இழுக்கும், அதனால சிகரெட் பிடிக்கறவங்க இரத்தத்துல பிடிக்காதவங்களை விட பல மடங்கு இருக்கும். பிளாஸ்மால ஆல்புமின் தூக்கிட்டு லிவருக்குப் போகும். லிவர் அதைப் பாத்ததும் மெட்டாலோதயோனின்னு ஒரு புரோட்டீனை அவசரமா தயார் பண்ணும். குட்டிப் புரோட்டீன், அறுபத்தி சொச்சம் அமினோ அமிலம்தான், அதுல 20 சிஸ்டீன், ஏழு உலோக அயனிய ஒரே நேரத்துல பிடிச்சு வெச்சுக்கும். 1957ல குதிரைக் கிட்னில காட்மியத்தோட சேந்து இருந்ததாலதான் இந்தப் புரோட்டீனையே கண்டுபிடிச்சாங்க.

கேக்க காப்பாத்தற மாதிரி இருக்குல்ல, லிவருக்குள்ள காப்பாத்துதுதான். ஆனா கொஞ்சம் இரத்தத்துல கசிஞ்சு கிட்னிக்கு வரும்போது, ரொம்பச் சின்னதா இருக்கறதால வடிகட்டில நழுவி, அப்பறம் கிட்னி குழாய் அதை நல்ல புரோட்டீன்னு திரும்ப உறிஞ்சி, உள்ள உடைச்சு, காட்மியம் அங்கயே விடுதலையாகி நிக்கும். 10ல இருந்து 30 வருஷம் வரைக்கும். ஜப்பான்ல டொயாமா பக்கம் ஜின்சு ஆத்துத் தண்ணில விளைஞ்ச அரிசியச் சாப்பிட்டவங்களுக்கு வந்த இதாய் இதாய் நோய் இதோட உச்சம், அந்தப் பேருக்கே வலிக்குது வலிக்குதுன்னுதான் அர்த்தம்.

ஆர்செனிக் டெஸ்டுக்கு மட்டும் ஏன் இரத்தம் வேணாம் யூரின் கொடுங்கன்றீங்க?

மனுஷ இரத்தத்துல ஆர்செனிக் சில மணி நேரத்துல காலி, இன்னைக்கு எடுத்தா இன்னைக்குப் போனதுதான் தெரியும். யூரின்ல ரெண்டு மூணு நாள் கதை தெரியும். டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி மீன், இறால், நண்டு வேணாம், அதுல இருக்கற ஆர்செனோபீட்டைன் கெடுதல் இல்லாதது, ஆனா மொத்தக் கணக்கை ஏத்தி வீணா பயமுறுத்தும்.

இதுல ஒரு வேடிக்கை. எலிக்கு ஆர்செனிக் கொடுத்தா அது இரத்தத்துல வாரக்கணக்குல தங்கும். காரணம் எலியோட ஹீமோகுளோபின்ல 13வது இடத்துல ஒரு சிஸ்டீன் இருக்கு, நமக்கு அந்த இடத்துல அது கிடையாது. ஒரே ஒரு கொக்கி. அதனால ஆர்செனிக் விஷயத்துல எலி ரிசல்ட்டை அப்படியே மனுஷனுக்குப் போட முடியாது.

ஃபேர்னஸ் கிரீம் போட்டதுக்கு யூரின்ல புரோட்டீன் போகுதுன்றாங்க, நம்பற மாதிரியா இருக்கு?

நம்புங்க. கேரளால மலப்புரம் பக்கம் 2023ல இப்படி வரிசையா கேஸ் வந்து டாக்டருங்க கிரீமை டெஸ்டுக்கு அனுப்பி மெர்குரியக் கண்டுபிடிச்சாங்க. தோல் வழியா உள்ள போய், கிட்னி வடிகட்டில எதிர்ப்பு சக்தி தப்பாத் திரும்பி, ஓட்டை விழுந்து ஆல்புமின் கொட்டும், முகமும் காலும் வீங்கும். மேல நாம சொன்ன 34வது சிஸ்டீன்காரர், அந்த ஆல்புமினே வெளிய போயிடறாரு. நிறைய பேருக்கு கிரீமை நிறுத்தினா மெதுவா சரியாகுது. லேபிள் ஒழுங்கா இல்லாத, எங்கயிருந்தோ வந்த, ஒரே வாரத்துல வெளுக்க வெக்கற கிரீம்னா வேணாம்.

சிகிச்சைக்கும் ஈ.டி.டி.ஏ., டியூப்லயும் ஈ.டி.டி.ஏ., ரெண்டும் ஒண்ணா?

ஒரே குடும்பம். ஈ.டி.டி.ஏ.ங்கறது உலோகத்தைக் கவ்விப் பிடிக்கற ஒரு ரசாயனம். ஊதா மூடி டியூப்ல இருக்கறது கால்சியத்தைப் பிடிச்சு இரத்தம் உறையாம பாத்துக்குது. அதே குணத்தோட உடம்புல ஏத்தினா இரத்தத்துல கால்சியம் சரிஞ்சு இதயம் நின்னுடும். அதனால லெட்டுக்குக் கொடுக்கறது ஏற்கனவே கால்சியம் ஏத்தின ஈ.டி.டி.ஏ., அது கால்சியத்தை விட்டுட்டு லெட்டைப் பிடிக்கும். பேர் ஒரே மாதிரி இருக்கறதால மருந்து மாறி அமெரிக்கால குழந்தை இறந்த சம்பவம் நிஜமா உண்டு.

மத்த மருந்துங்க சல்ஃபர் ரகம். இரண்டாம் உலகப்போர்ல லூயிசைட்னு ஆர்செனிக் விஷவாயுவுக்கு மாத்து தேடி ஆக்ஸ்ஃபோர்ட்ல பீட்டர்ஸ் குழு கண்டுபிடிச்ச டைமெர்காப்ரால்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சல்ஃபர் கொக்கி. புரோட்டீன் ஒரு கைல பிடிச்சா இது ரெண்டு கைல இழுக்கும். வாய் வழியா கொடுக்கற டி.எம்.எஸ்.ஏ.வும் அதே ஐடியா. ஆனா எல்லாத்துக்கும் ஒரே மருந்து இல்ல, மெத்தில்மெர்குரிக்கு டைமெர்காப்ரால் கொடுத்தா மூளைக்கு இன்னும் தள்ளி விடும்.

முட்டை வெள்ளைக்கரு, பால், கொத்தமல்லி ஜூஸ் குடிச்சா மெட்டல் டீடாக்ஸ் ஆகும்னு வீடியோ பாத்தேன்?

முட்டை வெள்ளைக்கருவுக்கு ஒரு நியாயம் இருக்கு. மெர்க்குரிக் குளோரைடு முழுங்கினவங்களுக்கு அந்தக் காலத்துல அதைக் கொடுத்தாங்க, டெஸ்ட் டியூப்ல திரிஞ்ச மாதிரி வயித்துக்குள்ளயே திரிய வெக்க. அது முழுங்கின சில நிமிஷக் கதை. இரத்தத்துக்குள்ள போனதை நீங்க சாப்பிடற முட்டை போய்ப் பிடிக்காது, அதெல்லாம் செரிச்சு அமினோ அமிலமாத்தான் உள்ள போகும். கொத்தமல்லி சட்னிக்கு நல்லது.

சாப்பாட்டால நிஜமா செய்ய முடிஞ்சது இரும்பும் கால்சியமும் குறையாம பாத்துக்கறது. குடல்ல இரும்பை உள்ள விடற ஒரு வாசல் இருக்கு, உடம்புல இரும்பு கம்மின்னா அந்த வாசல் நிறைய திறக்கும், திறந்தா காட்மியமும் அதே வழில நுழையும், லெட் உறிஞ்சறதும் கூடும். முருங்கைக்கீரை கடைஞ்சு எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

சித்த மருந்து செந்தூரத்துல பாதரசம் சல்ஃபரோட சேந்துதான இருக்கு, அப்ப புரோட்டீனைப் பிடிக்காதே?

நல்ல பாயிண்ட். பாதரசமும் கந்தகமும் (சல்ஃபர்) சேந்த மெர்குரிக் சல்ஃபைடு தண்ணில கரையறதே இல்லைன்னு சொல்லலாம், மெர்க்குரிக் குளோரைடு அளவுக்கு உறிஞ்சாது, அது உண்மை. கை ஏற்கனவே சல்ஃபரோட கோத்திருக்கு. ஆனா டப்பாக்குள்ள இருக்கறது முழுக்க அதேதானா, முறையா செஞ்சதா, கூட லெட்டோ ஆர்செனிக்கோ இருக்கான்னு உங்களுக்கும் எனக்கும் பாத்துத் தெரியாது. பேர் இல்லாம காகிதத்துல மடிச்சுக் கொடுக்கற மருந்தை சாப்பிடாதீங்க, பதிவு பெற்ற மருத்துவர்கிட்ட வாங்குங்க, மாசக்கணக்கா எடுக்கறவங்க இரத்தம், யூரின், கிட்னி டெஸ்ட் பண்ணிக்கோங்க.

ஒரே பட்டறைல வேலை, எனக்கு 38 அவனுக்கு 22. நான்தான் கை கழுவறேன். எப்படி?

மூச்சு, வேலை செய்யற இடம், பீடி, சாப்பிடற நேரம்னு நூறு காரணம் இருக்கலாம். அதுல ஒண்ணு ஜீன். அந்த ஏ.எல்.ஏ.டி. கொத்தனார்ல ரெண்டு மாடல் இருக்கு, 59வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினது. ரெண்டாவது மாடல் இருக்கறவங்க இரத்தத்துல லெட் அதிகமா நிக்கறது பல ஆய்வுகள்ல வந்திருக்கு, அது லெட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கறதாலன்னு சொல்றாங்க. அப்படி இறுக்கிப் பிடிக்கறது உறுப்புங்களுக்குப் போகாம காப்பாத்துதா இல்ல இன்னும் கெடுக்குதான்னு சண்டை முடியல. உங்களுக்கு அந்த ஜீன் இருக்கோ இல்லையோ, 38க்கு முதலாளிகிட்ட மாஸ்க்கும் எக்ஸாஸ்ட்டும் கேளுங்க.

ஒரு இடத்துல மாத்திரை கொடுத்துட்டு அப்பறம் யூரின் எடுத்தாங்க, லெட் மெர்குரி ரெண்டும் ஹைன்னு வந்துச்சு, 12 சிட்டிங் கீலேஷன் போடணுமாம்?

மாத்திரை கீலேஷன் மருந்தா இருந்தா, அது யார் உடம்புல இருந்தும் கொஞ்சம் உலோகத்தைப் பிடிச்சு யூரின்ல தள்ளும், என்னோடதுல இருந்தும். அந்த ரிசல்ட்டை மாத்திரை போடாதவங்களோட அளவு கூட வெச்சுப் பாத்தா எல்லாருமே ஹைதான். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்த டெஸ்டை ஏத்துக்கறதில்லன்னு வெளிப்படையா சொல்லியிருக்கு. அந்தக் கீலேஷன் மருந்து சும்மாவும் போகாது, ஜிங்க், காப்பரையும் சேத்து இழுத்துட்டுப் போகும். மருந்து எதுவும் போடாம லெட்டுக்கு முழு இரத்தம், மெர்குரிக்கு இரத்தமும் யூரினும் கொடுத்து வேற டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டாவது சிட்டிங்குக்குக் கட்டின அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்க, கேட்டா கொடுக்கறாங்க, என்கிட்ட வந்த ஒருத்தருக்குக் கொடுத்தாங்க.